கறுத்த பிளக்குகள்

அப்பா விட்டுப்போன மளிகைக் கடையை அருப்புக்கோட்டையில் அண்ணனும் நானும் சேர்ந்து நடத்தினோம். கல்லாவில் அவன் இருந்தான். காரில் சரக்கேற்றிக்கொண்டு வீரசோழன் வரைக்கும் போவது என் வேலை. ஒரு கோடையில் வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. கடைக்கு ஆட்கள் வந்து நிற்கும்போதே அண்ணன் கேட்டான்.

"ஏலே, பெட்ரோல உறிஞ்சி எங்க விக்கிற?"

அன்றைக்கே வண்டியைப் பாளையம்பட்டி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சைலன்சரில் கரும்புகை, உள்ளே உட்கார்ந்தால் பெட்ரோல் வாடை. ஏர் பில்டரில் புழுதி அப்பியிருந்தது. அதை மாற்றியும் புகை நிற்கவில்லை. பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தன.

"பெட்ரோலு கூடுதலா எறங்குது. முழுசா எரியல," என்றார்.

அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். நான் சொன்னால் நம்பமாட்டான், கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். வந்தவன் பைக்கை விட்டு இறங்கவே இல்லை.

மெக்கானிக் கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். ரேடியேட்டர் தொடமுடியாமல் கொதித்தது. ஸ்கேனரோ இன்ஜின் குளிர்ந்து கிடப்பதாகக் காட்டியது.

"சூடு பாக்குற சென்சாரு போயிருச்சு. இன்னும் சூடேறலன்னு நெனச்சு வண்டி பெட்ரோலக் கொட்டுது. அண்ணாச்சி, நீங்களே வந்து பாருங்க."

"ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டுத்தான கூப்பிட்டீக," என்றான் அண்ணன்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வேலை முடியட்டும். அதுக்கப்புறம் உங்க வண்டி இங்க வர வேண்டாம்."

புது சென்சார் போட்டு, பிளக்குகளைத் துடைத்து மாட்டியதும் புகை அடங்கியது. பந்தல்குடி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வாடையே இல்லை. அந்த வாரம் பெட்ரோல் செலவு பழைய கணக்குக்கே வந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"மாட்டிக்கிட்டல்ல, அதான் எடுக்குறத நிறுத்திட்ட. இனி எப்படி எடுப்ப?" என்றான்.

மறுநாள் டேங்க் மூடிக்குப் பூட்டு மாட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டான். கார் சாவியைக் கல்லாமேல் வீசிவிட்டு வெளியே வந்தேன். நான் படியிறங்குவதற்குள் அவன் அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்க ஆரம்பித்திருந்தான்.

இப்போது திருச்சுழியில் வேறொருவர் கடையில் இருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பார்த்தால், அவன் உட்கார்ந்த பந்தியில் நான் உட்காருவதில்லை.