ஜீவமணி வளர்த்த சவுக்குப் பிள்ளைகள்

கீழவைப்பாரில் ஜீவமணி அழாத நாள் கிடையாது. கணவர் அம்புரோஸ் தோணியில் கொழும்புக்குப் போனால் அழுவாள். திரும்பி வந்தால், மறுபடி போய்விடுவாரே என்று அழுவாள். பிள்ளையில்லாத வீட்டில் அவ்வளவு பாசத்தையும் யார்மேல் கொட்டுவது? உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த 1944-ல் அதற்கு ஒரு வழி பிறந்தது. சவுக்கு நாற்றங்கால் அவள் கைக்கு வந்தது.

ஊருக்கு மேற்கே இருந்த மணல்மேடு ஒவ்வொரு ஆடிக் காற்றுக்கும் கொஞ்சம் கிழக்கே நகரும். அதை ஒட்டி இரண்டு வீடுகள்தான் இருந்தன. ஒன்று ஜீவமணியுடையது, பக்கத்து வீடு அவள் நாத்தனார் முத்துக்கனியுடையது. மணல் ஏற்கெனவே ஜீவமணியின் அடுப்படிச் சுவரில் பாதி ஏறியிருந்தது. சவுக்கு நட்டால் மேடு நிற்கும் என்று கோயில் கமிட்டி விதை வரவழைத்து, நாற்று வளர்க்கும் வேலையை அவளிடம் கொடுத்தது. நீங்கள் வரும்போது வீடு இங்கேயே இருக்கும் என்று கணவருக்கு வாக்குக் கொடுத்துத் தோணியேற்றினாள்.

சமைந்த பெண்ணுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் ஊட்டித் தேற்றுவது அந்த ஊர் வழக்கம். ஜீவமணிக்கு வேறு வளர்ப்பு தெரியாது. மீன் குடலையும் தலையையும் மட்கவைத்து, வாராவாரம் பாத்தியில் கரைத்து ஊற்றினாள். காலையும் மாலையும் தண்ணீர். நாற்றுகள் கரும்பச்சையாய் முழங்காலைத் தாண்டி நின்றன. பார்த்தவர்கள் கண்படும் என்றார்கள்.

வேலியோரத்துப் பாத்தி மட்டும் உரம் காணவில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று முத்துக்கனி போட்ட சண்டையில் கோபித்துக்கொண்டு, ஜீவமணி அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அங்கே முளைத்தவை சாண் உயரத்தில் வெளிறி நின்றன.

ஐப்பசியில் நடவு. கொழுத்ததையெல்லாம் தன் வீட்டுக்குப் பின்னால் நட்டுக்கொண்டு, மெலிந்ததை ஒரு கூடையில் அள்ளி நாத்தனார் வாசலில் வைத்தாள்.

“ஏளா முத்துக்கனி, ஒம் புண்ணியத்துல வளந்ததுக. நீயே வச்சுக்கோ.”

முத்துக்கனி கூடையை எடுத்துப்போய்த் தன் வீட்டுக்குப் பின்னால் நட்டாள்.

மார்கழியோடு மழை நின்றது. மாசி வெயிலில் ஜீவமணியின் செல்லங்கள் நுனியிலிருந்து கருகின. பதறிப்போனவள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள்; போதாதென்று மிச்சமிருந்த மீன் உரத்தையும் வேரடியில் கொட்டினாள். எஞ்சியவையும் அதிலே வெந்து போயின. துக்க வீட்டில் அழுவதுபோல் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். மேலே முழங்கால் உயரம். கீழே விரல் நீளத்துக்கு ஒரு வேர்க்கொத்து. இருந்த இடத்திலேயே தீனி கிடைத்தவை வேரை எங்கேயும் அனுப்பவில்லை.

யாரும் பார்க்காத நேரத்தில் முத்துக்கனியின் கன்று ஒன்றை இழுத்தாள். வரவில்லை. முழங்கை ஆழம் தோண்டியும் வேர் கீழே போய்க்கொண்டே இருந்தது. மணலை மூடிவிட்டு வந்துவிட்டாள்.

ஆடிக்குள் அந்தக் கன்றுகள் ஆளுயரமாகிவிட்டன. காற்று கொண்டுவந்த மணல் முத்துக்கனி வீட்டுப் பக்கம் அவற்றின் காலடியில் படுத்தது. ஜீவமணி வீட்டுப் பக்கம் தடையில்லாமல் கூரைவரை ஏறியது. பாத்திரம் பண்டத்தோடு அவள் நாத்தனார் வீட்டுக்குக் குடிபோனாள்.

அம்புரோஸ் திரும்பி வந்து, புதைந்த வீட்டையும் பச்சை வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். இது யார் கொடுத்த கன்று என்று தங்கையிடம் கேட்டார்.

“மதினிதான் குடுத்தாக. கூடையோட வாசல்ல கொண்டாந்து வச்சாக.”

ஒரு வார்த்தை பொய்யில்லை. அம்புரோஸுக்குக் கண் கலங்கியது. தன் வீடு போனாலும் நாத்தனார் வீடு நிற்கட்டும் என்று நினைத்த மனம் யாருக்கு வரும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியாரும் அதைச் சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அழவேண்டிய அந்த இடத்தில் ஜீவமணிக்கு மட்டும் அழுகை வரவில்லை.

அன்று மத்தியானம் முத்துக்கனி அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

“நல்லாச் சாப்பிடுங்க மதினி.”

ஜீவமணி தட்டைக் கையால் மறைத்தாள்.