ஜப்பான் நேரம்

"இன்னும் நாப்பது செகண்டு கீது. குந்து."

பெருநகர் வண்டியின் டிரைவர், சாவிக்குப் போன கையை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஜன்னலுக்கு வெளியே பஞ்சாட்சரம் இடது மணிக்கட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்திருப்பார். நாற்பது விநாடியும் தீர்ந்த பிறகுதான் விசில் வாய்க்குப் போகும்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் பதினெட்டு வருஷமாக அவர்தான் டைம் கீப்பர். ஒடிசலான ஆள். காக்கிச் சட்டையின் முதல் பொத்தானைக் கோடையிலும் போட்டிருப்பார். எட்டேகால் என்று அவர் வாயில் வராது. எட்டு பதினஞ்சு என்பார். "காலு, அரை, முக்காலெல்லாம் வெங்காயம் நிறுக்கறதுக்கு" என்பார். மகள் கல்யாணத்தில் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்ற புரோகிதரிடம், "கரெக்டா எத்தினிக்கி சாமி?" என்று மூன்று தடவை கேட்டவர். பக்கத்து ஊரான பெருநகரில், தபால் நிலையத்தில் எனக்கு வேலை; எட்டு பதினைந்து வண்டியில்தான் போவேன். தினமும் அவர் விசிலில்தான் என் நாள் கிளம்புகிறது.

இப்படிப்பட்ட மனிதரிடம் எண்பத்திரண்டாம் வருஷம் இரண்டு பேர் வந்தார்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் ஐசக், துணிக்கடை இனாயத்துல்லா பாய். ஊரில் அப்போதுதான் சமாதானக் குழு என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது ஆகஸ்ட் ஆறு, காலை எட்டேகால். செத்தவர்களுக்காக அந்த நேரத்தில் பஸ் நிலையம் முழுக்க ஒரு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும் என்றார்கள்.

"விசிலு ஊதணும், அவ்ளோதானே?" என்று பஞ்சாட்சரம் உடனே ஒப்புக்கொண்டார்.

ஊதினார். நீளமாக ஊதினார். ஒரு கண்டக்டர், யார் மேல் ஏறியது என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். என்ஜின்கள் நின்றன. கீரைக்கூடையோடு எங்கள் வண்டிப் படியில் நின்ற பாஞ்சாலியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா நைனா, யாரு பூட்டாங்க?"

"ஜப்பான்ல... ரொம்பப் பேரு."

"நம்மளவங்க யார்னா அங்க கீறாங்களா?"

"இல்ல."

"அப்பறம் அவங்களுக்கு யாரு அழுவறது? நீயா?"

நிமிஷம் முடிந்து போயிருந்தது. பஞ்சாட்சரம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் அன்று எட்டு பதினெட்டுக்குத்தான் புறப்பட்டோம்.

அதோடு விட்டிருக்கலாம். அவரால் விட முடியவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்று ஐசக்கைக் கேட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கும் என்றார் அவர். பஞ்சாட்சரம் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் என் வண்டியின் ஜன்னலில் அவர் முகம் வந்தது.

"ஒரு வண்டிக்கி அம்பத்தாறு பேரு சார். இங்கேர்ந்து டெய்லி அறுவத்திரண்டு சிங்கிளு ட்ரிப்பு போவுது. நாப்பது நாளு இந்த ஸ்டாண்டுலேர்ந்து கெளம்பற அத்தினி வண்டியும் திரும்பி வர்லன்னு வெச்சிக்கோ. அத்தினி பேரு." சொல்லிவிட்டு, எனக்கு இதில் ஏதாவது புரிகிறதா என்று பார்ப்பவர்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் குழப்பம் முற்றியது. எட்டேகால் என்பது ஜப்பானின் எட்டேகால், அப்போது நமக்கு அதிகாலை நாலேமுக்கால் என்று ஐசக் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"அப்ப போன வருசம் மூணரை மணி நேரம் லேட்டாவா நின்னோம்?"

"அதெல்லாம் ஒரு அடையாளத்துக்குத்தான் பஞ்சாட்சரம்."

"அடையாளத்துக்கு வண்டி எடுக்க முடியுமா சார்?"

கூட இருந்த இனாயத்துல்லா பாய் சும்மா இருந்திருக்கலாம். "அதுவும் இல்ல சாரே. அந்தச் சண்டக் காலத்துல வெள்ளக்கார கவர்மெண்டு கடியாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சிருந்தான். எங்க கடைக் கடியாரத்த நானே தள்ளினேன். அன்னிக்கி இங்க அஞ்சேமுக்கால்னுதான் காட்டியிருக்கும்" என்றார்.

பஞ்சாட்சரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பேஜாரா கீதே. செத்தது ஒரு நேரம். அதுக்கு மூணு டைமா?"

அந்த வருஷம் ஒன்றும் முடிவு செய்ய முடியாமல் பழையபடி எட்டு பதினைந்துக்கே ஊதினார். முகத்தில் தெளிவில்லை. எண்பத்துநாலில் மூன்று நேரத்திலும் ஊதிவிட்டார். நாலு நாற்பத்தைந்துக்குக் காஞ்சிபுரம் முதல் வண்டி, ஐந்து நாற்பத்தைந்துக்குச் செங்கல்பட்டு வண்டி, எட்டு பதினைந்துக்கு எங்கள் வண்டி. மூன்றும் ஒவ்வொரு நிமிஷம் நின்றன.

பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. செங்கல்பட்டு வண்டியில் போன ஒருவர் புகார் எழுதியிருந்தார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகனைப் பார்க்கப் போனவர். அவர் பிளாட்பாரத்துக்குள் ஓடும்போது ரயிலின் கடைசிப் பெட்டி நகர்ந்துகொண்டிருந்ததாம்.

மெமோவைப் பஞ்சாட்சரம் தபால் நிலையத்துக்கே எடுத்துக்கொண்டு வந்தார். என்ஜின் கோளாறு என்று எழுதிவிடுங்கள் என்றேன்.

"என்ஜின் நல்லாத்தானே கீது." பேனாவை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு அவரே எழுதினார். 'செத்தவர்களுக்காக நிறுத்தினேன். அந்த நேரம் சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை.' அவ்வளவுதான் விளக்கம்.

இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது என்று பதில் வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரை அரித்தது வேறு. புகாரில் பெயர் இருந்தது, ஊர் இல்லை. இரண்டு மாதம் செங்கல்பட்டு வண்டியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை.

"அந்தப் பையன் பொழைச்சிக்கினானா இன்னான்னு தெரியலயே சார்" என்றார் என்னிடம். "நான் எடுத்தது அந்த ஆளோட நிமிசம். அவரு கிட்ட கேக்காம எடுத்து ஜப்பான்காரனுக்குக் குட்த்துட்டேன். தப்பா, ரைட்டா?"

எனக்கும் தெரியவில்லை என்றேன். அவருக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்ததுபோலத் தோன்றியது.

இந்த வருஷம் சமாதானக் குழு, பஸ் நிலையம் வேண்டாம், சாயந்திரம் பள்ளியில் கூட்டம் போதும் என்று தீர்மானித்துவிட்டது. ஐசக்கே வந்து சொன்னார். "ஒங்க வேலைக்கு ஆபத்து வேணாம் பஞ்சாட்சரம்." அவர் தலையாட்டினார். இருந்தாலும் ஆறாம் தேதி காலையிலேயே ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்து அவர் அறைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு பதினைந்து. வண்டி எடுக்கச் சொல்லும் விசில் ஒலித்தது. ஒரு விநாடி கூடவில்லை, குறையவில்லை. டிரைவர் ஆச்சரியத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியோடு குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

வண்டி வாசலில் திரும்பும்போது பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த ஈரத் தரை. பஞ்சாட்சரம் நடந்து வந்து அதன் நடுவில் நின்றார். மூன்று வருஷமாக அந்த ஒரு நிமிஷத்துக்கு நின்றதுபோலவே இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின. உள்ளே நுழைந்த செய்யாறு வண்டி அந்த இடத்துக்காக ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

பஞ்சாட்சரம் திரும்பவில்லை. வலது கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கி விரித்துக் காட்டினார், ஓடி வந்து வண்டியைப் பிடிக்கிறவர்கள் நில்லு, நில்லு என்று காட்டுவார்களே, அப்படி.