நான் குடிக்காத வல்லாரைச் சாறு

அந்தத் தம்ளரைச் சொல்லாமல் ஆரம்பிக்க முடியாது. எவர்சில்வர் தம்ளர். விளிம்புக்குக் கீழே ஒரு விரல்கடை அளவுக்குப் பச்சை வளையம், எத்தனை கழுவினாலும் போகாதது, அல்லது யாரும் ஒழுங்காகக் கழுவாததால் போகாதது. உள்ளே முக்கால் அளவு வல்லாரைச் சாறு. மேலே நுரை, நுரைக்குள் அரைபடாத காம்பு, குடித்து முடித்தால் அடியில் மணல். தென்காசியில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில், காலை டீ வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு இந்தத் தம்ளர் மேஜை மேஜையாக வரும். பதினான்கு பேருக்கு ஐந்து தம்ளர்கள். ஒருவர் குடித்து வைத்ததைச் சொம்புத் தண்ணீர் விட்டு ஒரு சுழற்று சுழற்றி, அந்தத் தண்ணீரையே அடுத்த தம்ளருக்கும் மாற்றி ஊற்றி, அடுத்தவரிடம் நீட்டுவார்கள். இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் என் வீட்டில் வல்லாரைத் துவையல் அரைத்தால், மிக்ஸி ஓய்கிற வரைக்கும் நான் தெருவில் போய் நின்றுகொள்வேன்.

கொடுத்தவர் எங்கள் ஹெட்கிளார்க். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, மேலதிகாரிக்குக்கூட. குற்றாலம் போகிற சாலையில் அவர் வீடு. காம்பவுண்டுச் சுவரெல்லாம் தூதுவளை, வேலியில் முடக்கத்தான், கிணற்றடியில் கற்பூரவல்லி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பொன்னாங்கண்ணி, உடைந்த பிளாஸ்டிக் வாளிகளில் வல்லாரை. யாருக்காவது முட்டு வலி என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் முடக்கத்தான் அரைத்த தோசை மாவு ஒரு தூக்குவாளி நிறைய வந்துவிடும். எனக்கே ஒரு தடவை நெஞ்சுச் சளி கட்டியபோது தூதுவளை ரசம் வைத்துக் கொண்டுவந்து, நான் சூடாகக் குடித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றார். சளிக்கு அது கேட்டது. அதை மறைத்தால் என் நாக்கு அழுகிப்போகும். நல்ல மனுஷர்தான் அவர், யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அவரைக் கெடுத்தது புகழ்ச்சி. முதலில் தனக்கு மட்டும்தான் வல்லாரை அரைத்துக் கொண்டுவந்தாராம். பியூன் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார், பிறகு தன் மகனுக்கும் கொண்டுபோயிருக்கிறார். அந்தப் பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் பாஸ் ஆகிவிட்டான். அவ்வளவுதான், ஆபீஸ் முழுக்க ஞாபக சக்திக்கு அலைய ஆரம்பித்துவிட்டது. ஃபைலை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்கள் எல்லாம் தம்ளரை நீட்டினார்கள். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். ஆனால் மூன்று வாளி வல்லாரை எத்தனை நாளைக்கு வரும்? ஒரு வாரத்தில் மொட்டையாகிவிட்டது. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு விடிந்ததும் வாய்க்கால் கரைக்கு நடக்க ஆரம்பித்தார். வீட்டுத் தழையை விட்டுவிட்டு வாய்க்கால் தழைக்குப் போனதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். "வாளியில வளர்ந்தது சவலைப் புள்ள மாதிரிடே. ஓடுத தண்ணியில தானா மொளைச்சுதுல்லா, அதுக்குத்தான் வீரியம்."

அந்த ஓடுகிற தண்ணீரை நான் ஒரு நாள் பார்த்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சாரல் சீசன். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள் என்று அதிகாலையில் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேன்களும் பஸ்களும் நிறுத்துகிற திடலைத் தாண்டிக் கொஞ்சம் கீழே அந்த வாய்க்கால் போகிறது. ஊரே அருவியைப் பாடுகிறது, அருவிக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று யாரும் பாடுவதில்லை. ஷாம்பு பாக்கெட், சோப்பு உறை, மசாஜ் எண்ணெய் மினுமினுவென்று மிதக்கிறது, ஊதிப்போன குழந்தை டயப்பர், பாதி தின்ற பிரியாணிப் பொட்டலம். கரை நெடுக வேனில் வந்தவர்கள் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். எழுந்து அங்கேயே கால் கழுவுகிறார்கள். ஆண் பெண் வித்தியாசம் இல்லை, வெட்கம் இல்லை, ஒன்றும் இல்லை. சீ! அதற்கு இருபதடி கீழே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் அண்ணாச்சி வல்லாரை பறித்துக்கொண்டிருந்தார். தளதளவென்றுதான் இருந்தது. ஏன் இருக்காது? பறித்த தழையை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசினார், அவ்வளவு பக்தியாக. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். என்னை அவர் பார்க்கவில்லை. நான் அருவிக்குப் போகாமல் வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு என் மேஜைக்கும் முதல் தடவையாகத் தம்ளர் வந்தது. "ஒரே மடக்கு, மூச்சு விடாம" என்றார் அண்ணாச்சி. நான் வாங்கினேன். சொல்லியிருக்கலாம். 'அண்ணாச்சி, அந்த இடம் ஆகாது, வாளியில முளைச்ச மட்டும் கொடுங்க' என்று ஒரு வரி. எனக்கு அப்போது தகுதிகாண் பருவம், அது முடிகிறபோது ஃபைல் அவர் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். அவர் அதைப் பிடித்து வைக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் பயம் அந்தப் பக்கம்தான் இழுத்தது. என் இருக்கை ஜன்னலோரம். அவர் அடுத்த மேஜைக்குத் திரும்பியதும் தம்ளரை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தேன். பிறகு வாயைப் புறங்கையால் துடைத்து, கசப்பில் முகத்தைச் சுளித்து, "ஆஹா" என்றேன். அந்த "ஆஹா"வை நினைத்தால்தான் தம்ளரை நினைப்பதைவிட அதிகமாகக் குமட்டுகிறது. ஒரு வருஷத்துக்கும் மேல் தினமும் செய்தேன். ஜன்னலுக்கு வெளியே இருந்த குப்பைமேனிச் செடிகள் என் பங்கைக் குடித்து மதமதவென்று வளர்ந்தன. அண்ணாச்சி என்னைக் காட்டி மற்றவர்களிடம் சொல்லுவார்: "புதுசா வந்த பய, ஒரு நாளு வேண்டாம்னு சொன்னதில்ல பாத்துக்கோ."

எனக்கு எதிர் வரிசையில் டைப்பிஸ்ட் இருந்தாள். ஆய்க்குடிப் பெண், என்னை அண்ணே என்பாள், நானும் தங்கச்சி மாதிரிதான் வைத்திருந்தேன். புருஷன் பட்டாளத்தில். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். அவள் அம்மா, மாசமா இருக்கிறவள் கண்டதையும் குடிக்கலாமா என்று சத்தம் போட்டிருக்கிறாள். இவள் அண்ணாச்சியிடமே கேட்டாள். "எம்மா, இது கண்டதா? புள்ளைக்கு மூளை எப்படி வரும்னு நெனைக்க? கலெக்டராத்தான் வரும்" என்று சொல்லி, அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் தம்ளர் தளும்ப ஊற்றினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு, அடிமணல் வரை குடிப்பாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு நாள், "கொஞ்சமா குடிம்மா, ரொம்பக் குளிர்ச்சி" என்றேன். குளிர்ச்சியாம்! வாயில் வந்தது அதுதான். அவள் சிரித்துவிட்டு மிச்சத்தையும் குடித்தாள். அவள் நாக்கு பச்சையாக இருந்தது.

அடுத்த சீசன் முடிகிற நேரத்தில் பியூனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிறகு ஒரு உதவியாளருக்கு. மூன்றாவதாக டைப்பிஸ்டுக்கு, ஏழாம் மாதத்தில். எதனால் வந்தது என்று யாரும் ஆராயவில்லை. குழாய்த் தண்ணீர் என்றார்கள், ஹோட்டல் சட்னி என்றார்கள். காமாலைக்குக் கீழாநெல்லி என்பது ஊருக்கே தெரியும், அண்ணாச்சி விடுவாரா? அதே வாய்க்கால் கரை, அதே மஞ்சப்பை. கீழாநெல்லியைப் பிடுங்கி அதே தண்ணீரில் வேர் மண் போக அலசி, பச்சையாக அரைத்து மோரில் கலந்தார். பியூனும் உதவியாளரும் குடித்துத் தேறிவிட்டார்கள், தானாகவே தேறியிருப்பார்கள். அண்ணாச்சிக்கு இன்னும் ஒரு சுற்றுப் புகழ் ஏறியது. ஒரு நாள் ஆபீஸ் விட்டதும், "வாடே, நம்ம புள்ளயப் பாத்துட்டு வருவோம்" என்று பிளாஸ்க்கோடு என்னையும் ஆய்க்குடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அவள் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் முழுக்க மஞ்சள், உள்ளங்கைகூட மஞ்சள். புருஷன் லீவு போட்டு வந்திருந்தான். அண்ணாச்சி பிளாஸ்க்கைத் திறந்து ஒரு தம்ளரில் ஊற்றியதும் அந்த வாடை வீடு முழுக்கப் பரவியது, பச்சை வாடையும் புளித்த மோர் வாடையும். "மூணே நாளு. காமாலை இருந்த எடம் தெரியாது" என்றார்.

அவன் பட்டாளத்துக்காரன், சுற்றி வளைக்கவில்லை. "சார், டாக்டர் வெளி மருந்து ஒண்ணும் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. எனக்கு இன்னொண்ணும் தோணுது. ஆபீஸ்ல குடிச்ச சாறுலதான் இது வந்திருக்குமோன்னு."

அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போயிற்று. "என்ன இப்படிச் சொல்லிட்டிய? பதினாலு பேரு குடிச்சோம்யா. இந்தா நிக்காருல்லா, இவரு ஒரு நாளு விட்டதில்ல. இவருக்கு என்ன வந்துட்டு? நீங்களே கேளுங்க."

அவன் என் பக்கம் திரும்பினான். "சொல்லுங்க சார். நீங்க தெனமும் குடிச்சீங்களா?"

அவன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்கிறேனோ அதை வைத்துத்தான் அவன் அந்தத் தம்ளரை அவளிடம் கொடுப்பான், அல்லது தட்டிவிடுவான். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. என் ஃபைல் அப்போது கையெழுத்தாகி வந்துவிட்டது, அந்தச் சாக்கும் இல்லை. இத்தனை நாள் ஏமாற்றியது அண்ணாச்சி முன்னால் வெளியே வந்துவிடுமே என்ற கூச்சம்தான் இருந்தது, வேறு ஒரு மண்ணும் இல்லை. "ஆமா. தெனமும் குடிச்சேன்" என்றேன். அவன் தம்ளரை வாங்கி அவளிடம் கொடுத்தான். அவள் வழக்கம்போல வயிற்றில் கை வைத்துக்கொண்டு குடித்தாள். மூன்று நாளும் குடித்தாள். ஐந்தாம் நாள் நினைவு தப்பி, திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். வயிற்றில் இருந்ததைக் காப்பாற்ற முடியவில்லை. பெண்பிள்ளை என்றார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் தங்கவில்லை.

அண்ணாச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இங்கிலீஷ் மருந்தயும் சேத்துக் கொடுத்துட்டாவ, அதாம்டே சேரல" என்றார். எனக்கு அவரைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் அவர் வல்லாரையை நிறுத்தவில்லை, நானும் ஜன்னலை மூடவில்லை. இப்போது குற்றாலம் ரோட்டில் வண்டி போட்டு இதையே பேப்பர் கப்பில் விற்கிறார்கள், காலையில் நடக்கிறவர்கள் வரிசையில் நின்று குடித்துவிட்டு ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தழை எங்கே பறித்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. தெரிந்தவனே வாய் திறக்கவில்லை, அவர்களை நான் என்ன சொல்ல?

போன மாதம் அண்ணாச்சி தவறிவிட்டார். முதுமைதான், நோய் நொடி கிடையாது. துட்டி வீட்டில் ஆளாளுக்கு, எத்தனை பேருக்கு மருந்து கொடுத்த கை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். டைப்பிஸ்டும் வந்திருந்தாள். இப்போது வீரகேரளம்புதூரில் வேலை பார்க்கிறாள், முடியெல்லாம் நரைத்திருந்தது. நன்றாக அழுதிருந்தாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணாச்சி கொடுத்த சாற நான் ஒரு நாளுகூட குடிச்சதில்லம்மா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியுமேண்ணே. ஜன்னல்ல ஊத்துவீங்கல்லா, என் சீட்லருந்து நல்லாத் தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவேதான். அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா உங்க மானம் போயிருமேன்னு நான் யார்ட்டயும் மூச்சு விடல. எங்க வீட்ல வச்சு தெனமும் குடிச்சேன்னு ஒரு போடு போட்டீங்க பாத்தீங்களா, அந்தக் கெடப்புலயும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இவ்ளோ பெரிய ஆம்பளைக்கு நாக்குல ஒரு கசப்பு தாங்கலியேன்னு." சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது, கண் மட்டும் என்னை விட்டு நகரவில்லை. "கசப்புக்குத்தானண்ணே ஊத்துனீங்க?"

"ஆமாம்மா" என்றேன். "எனக்குக் கசப்பு மட்டும் ஆகவே ஆகாது."