ரயில் திருத்தியவரின் மகள்

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் எனக்கு வசதி. ஆனால் போன மாதம் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது என்னை அறியாமல் வாயிலிருந்து ஒரு பேச்சு விழுந்துவிட்டது. அதற்கு விளக்கம் சொல்லுமுன் பஸ் வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. வாரத்தில் மூன்று நாள் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். “இனிப் படிச்சு என்னம்மா செய்யப்போறியள்?” என்று மகள் கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். அடுத்த வகுப்புக்கு அரை மணித்தியாலம் முந்தியே வெளிக்கிட்டுவிட்டேன்.

முன்பு ஸ்காபரோவில் ஒரு சின்ன ரயில் ஓடியது. வகுப்புக்குப் போக அதுதான் சுகம். பழசாகி, திருத்தித் திருத்தி ஓட்டி, கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக இப்போது பஸ். ரயில் போய்விட்டாலும் ரயிலைப் பற்றிய கதை மட்டும் பஸ் வரிசையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று பனி கொட்டியது. பஸ்ஸைக் காணவில்லை. எனக்கு முன்னால் தொழிற்சாலை ஜக்கெற் போட்ட ஒரு தம்பி நின்றார். தம்பி என்றாலும் அறுபது வயது இருக்கும். அவருக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகும் ஒரு தங்கச்சி. எனக்குப் பின்னால் யூனிவர்சிற்றிக்குப் போகும் ஒரு பிள்ளை.

“உந்தப் பஸ்ஸை விட அந்தப் பழைய ரயில் திறம்,” என்றார் தம்பி.

“திறமோ? நீங்கள் இருக்கிறது ஊருக்கு வெளியில, அஜக்ஸில அண்ணை, உங்களுக்கென்ன தெரியும்? நாள்தோறும் அதில அவதிப்பட்டது நாங்கள். பனி பெய்தா நிக்கும், வெயில் எறிச்சாலும் நிக்கும்,” என்றாள் தங்கச்சி.

“அஜக்ஸில வீடு மலிவெண்டு போனனான். இப்ப வீட்டை விட றோட்டிலதான் கூட நேரம் சீவிக்கிறன்.”

பின்னால் நின்ற பிள்ளை சிரித்தது. “சீரியஸ்லி அங்கிள், அந்த ட்ரெயின் என்னை விட ஓல்ட். எங்கட அம்மா ஹைஸ்கூல் போகேக்கையும் அதுதானாம்.”

“அதுக்குச் சாமான் இல்லையாம் பிள்ளை. அந்தப் பார்ட்ஸ் இப்ப ஒருத்தரும் செய்யிறேல்லையாம்,” என்றாள் தங்கச்சி.

“சாமான் இருந்தாலும் ஆர் பூட்டுறது? திருத்திற ஆக்கள் கோப்பியைக் குடிச்சுப்போட்டு நித்திரை கொண்டிருப்பாங்கள்,” என்று தம்பி சொல்ல, வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“என்ரை ஐயாவும் ரயில் திருத்தினவர்,” என்றேன் நான். “அவர் நித்திரை கொள்ளேல்லை.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. “எங்க அன்ரி, இஞ்சயோ?” என்று அந்தப் பிள்ளை ஆசையாகக் கேட்டது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இங்கே இல்லை, யாழ்ப்பாணத்தில். எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான். அதற்கு மேலே படிப்பதென்றால் ரயில் ஏறி டவுனுக்குப் போகவேண்டும். எங்கள் ஒழுங்கையில் பெண்பிள்ளைகள் ஒருத்தரும் அப்படிப் போகவில்லை. நான் போவதென்று நின்றேன். வாய் திறந்து கேட்கவில்லை. மூன்று நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சாப்பிடாமல் பேசாமல் இருந்தேன். “உவளுக்கு வாய்தான் இல்லையெண்டு பாத்தன், வயிறும் இல்லையாக்கும்,” என்று அம்மா ஏசினா. நாலாம் நாள் ஐயா, “போகட்டும்,” என்றார்.

ஐயா ரயில் திருத்தும் கொட்டகையில், செட் என்பார்கள், பிற்றர். பெட்டிகளும் எஞ்சினும் பழுதானால் திருத்துகிற வேலை. கார்ட் அவருடைய சிநேகிதர் என்பதால், காலையில் என்னைக் கார்ட்டிடம் ஒப்படைத்துவிடுவார். கார்ட் என்னைப் பெட்டியில் ஏற்றி, டவுனில் இறக்கிவிடுவார். முதல் நாளே ஐயா ஒரு கட்டளை போட்டார்.

“ரயிலில ஆர் கேட்டாலும் நீ ஆரின்ரை பிள்ளை எண்டு சொல்லக்கூடாது. விளங்கிச்சோ?”

நான் தலையாட்டினேன். எனக்கு விளங்கியது வேறு. ஐயாவின் சட்டையில் எண்ணெய், கையில் எண்ணெய், நகத்துக்குள்ளும் எண்ணெய். டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மகள், தன்னைச் சொல்ல வெட்கப்படுவாள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அதில் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எல்லாவற்றிலும் வெட்கம் உண்டு. டீச்சர் இடாப்பில் பேர் கூப்பிட்டால் “ஓம்” என்று சொல்லவும் வெட்கம். ஐயாவில் மட்டும் வெட்கம் இருந்ததில்லை.

நாற்பது நாள் போல அப்படிப் போனேன். அந்த ரயிலும் பழசுதான். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் தடித்த ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். அது வெடித்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ரயில் அசையாது. புதுக்குழாய் கேட்டு எழுதினாலும் வருவதில்லை. பழையதையே வெட்டிக் கட்டி ஒட்டி ஓட்டுவதுதான் ஐயாவின் வேலை. அந்தக் கிழமை இரண்டு நாளாக அவர் வீட்டுக்கே வரவில்லை. அம்மா செட்டுக்குக் கொடுத்துவிட்ட சோறு தொடாமல் திரும்பி வந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ரயிலில் வந்த சனத்துக்குத் தெரியாது.

அப்படி ஒரு காலையில்தான் இரண்டு ஸ்டேசனுக்கு நடுவில், புகையிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில், ரயில் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றது. கார்ட் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். சனம் இறங்கித் தண்டவாளத்து ஓரத்தில் நின்றது. நானும் இறங்கினேன்.

கந்தோருக்குப் போகும் ஒரு கிளாக்கர் குடையை ஊன்றிக்கொண்டு தொடங்கினார். “கிழமைக்கு ரெண்டுதரம் உந்தக் கூத்துத்தான். பிந்திப் போனால் வரவு இடாப்பில எனக்குச் சிவப்புக் கோடு விழும்.”

“உங்களுக்குக் கோடு விழுது, எனக்குக் கீரை வாடுது,” என்றா மரக்கறிக் கடகத்தோடு நின்ற ஒரு அக்கா. “கீரைக்கு ஆர் லீவு குடுக்கிறது?”

அரை மணித்தியாலம் கழித்து, தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வரும் வண்டியில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் வெள்ளைக் களிசான் போட்ட பரிசோதகர். ரயில் ஏன் பிந்தியது என்று பார்க்க வந்தவர். மற்றவர் சாமான் பையோடு ஐயா. கண் சிவந்திருந்தது. சனத்தைக் கடந்து போகையில் அவருடைய பார்வை என் முகத்தில் பட்டது. பட்டு, ஒரு பனைமரத்தைப் பார்த்தது போலத் தாண்டிப் போய்விட்டது.

அவர் பெட்டிக்குக் கீழே புகுந்தார். வெளியே காலிரண்டும் மட்டும் தெரிந்தன.

“பெட்டி பழசு, பெட்டி பழசு எண்டு சும்மா சொல்லுறாங்கள்,” என்றார் கிளாக்கர், அந்தக் கால்களுக்குக் கேட்கும்படியாக. “பழசெண்டால் கவனமாத் திருத்தவேணும். உவங்கள் செட்டுக்குள்ள படுத்து நித்திரை. கையில எண்ணெய் இருக்கு, வேலை இல்லை.”

ஐயா வெளியே வந்தார். ஒருத்தரையும் பாராமல் கார்ட்டிடம் சொன்னார். “குழாய் வெடிச்சுப்போச்சு. மாத்தப் புதுசு இல்லை. சைக்கிள் ரியூப் ஒண்டு கிடைச்சால் இறுக்கிச் சுத்திக் கட்டிப் பாக்கலாம்.”

மரக்கறி அக்கா கிளாக்கரைப் பார்த்தா. “உங்கட சைக்கிள் கார்ட் பெட்டியிலதானே நிக்குது? சிவப்புக் கோடோ ரியூப்போ, யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா.”

சனம் சிரித்தது. கிளாக்கருக்கு முகம் கறுத்தது. சைக்கிளை இறக்கி ரியூப்பைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டும் ஆறவில்லை. “ஆரோ ஒருத்தன் படுத்து நித்திரை கொண்டதுக்கு, நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டிக் கிடக்கு.”

எனக்கும் அவருக்கும் நடுவில் ஏழெட்டு அடி இருக்கும். அந்த ஏழெட்டு அடியையும் நடக்கிறதென்று தீர்மானித்தேன். நடந்தேன். அவருடைய குடைக்கு முன்னால் போய் நின்று, என் வாழ்நாளில் அதுவரை போடாத சத்தத்தில் சொன்னேன்.

“அது என்ரை ஐயா. அவர் ரெண்டு நாளா வீட்டை வரேல்லை. அவர் நித்திரை கொள்ளேல்லை.”

“கேட்டியளே கிளாக்கர் ஐயா?” என்றா மரக்கறி அக்கா, மெதுவாக.

பரிசோதகரும் கேட்டுவிட்டார். என்னிடம் வந்தார். “பிள்ளை, நீ இந்த ரயிலிலயோ வந்தனி? டிக்கெற்றைக் காட்டு பாப்பம்.”

டிக்கெற் என்று ஒன்றை நான் கையில் தொட்டதே இல்லை. ஒருத்தரும் என்னிடம் கேட்டதும் இல்லை. “நான் பிற்றரின்ரை மகள்,” என்றேன், அதுவே டிக்கெற் என்பது போல.

அவர் ஐயாவிடம் திரும்பினார். “உம்மடை பிள்ளையோ?”

குழாயில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்த ஐயா எழும்பினார். பரிசோதகருக்குப் பின்னால் நின்ற கார்ட், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இலையான் மொய்க்கிறதாக்கும் என்று நினைத்தேன். ஐயா கார்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இம்முறை பனைமரத்தைப் பார்க்கிற பார்வை இல்லை.

“ஓம்,” என்றார். “என்ரை பிள்ளைதான்.”

பரிசோதகர் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்து என்னவோ எழுதினார். ஐயா குனிந்து கம்பியை முறுக்கி முடித்தார். பிரேக் விட்டது. சனம் ஏறியது. கிளாக்கர் ஒதுங்கி யன்னலோரத்தில் எனக்கு இடம் விட்டார். நான் ராசாத்தி மாதிரி இருந்தேன்.

அன்று பின்னேரம் ஐயா என்னை ஏசவில்லை. அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றா. கேட்டதற்குப் புகை என்றா. அடுத்த நாள் விடிய, “இண்டைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்,” என்றார்கள். அதற்கடுத்த நாளும் வேண்டாம் என்றார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஐயாவை வன்னிக்கு அங்காலே ஒரு ஸ்டேசனுக்கு மாற்றிவிட்டார்கள். மாதத்தில் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். என்னை ரயில் ஏற்ற ஆள் இல்லை. ஆறாம் வகுப்பில் நான் இருந்த நாற்பது நாளை ஒருவரும் படிப்பில் சேர்ப்பதில்லை. ரொறன்ரோவில் வகுப்பில் சேரும்போது எவ்வளவு படித்தீர்கள் என்று கேட்டார்கள். ஐந்து விரலைக் காட்டினேன்.

என் கலியாணத்துக்கு வந்த கார்ட்தான், ஐயா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து எனக்குச் சொன்னார். “ரயில் ஆக்களின்ரை பிள்ளையளுக்கு ஒரு பாஸ் இருக்குப் பிள்ளை. உன்ரை பாஸ் கொழும்பிலயிருந்து வரேல்லை. வருமட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏத்தினனான். அண்டைக்குக் கொப்பர் ‘தெரியாது’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், டிக்கெற் எடுக்காத ஆரோ ஒரு பிள்ளை எண்டு ஏசிப்போட்டு விட்டிருப்பினம், அவரை மாத்தியிருக்கமாட்டினம். தலையைத் தலையை ஆட்டினன். மனுசன் கேக்கேல்லை. நான் ஏத்தினதெண்டும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

ஐயாவிடம் இதைக் கேட்க நினைத்து, வெட்கத்தில் விட்டுவிட்டேன். அவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் நான் பள்ளிக்கூடம் போன அந்தக் கடைசி நாள், ரயில் வெளிக்கிட்டபோது நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஐயா ஒரு வேலை முடிந்தால் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிடுகிற மனிதர். அன்று திரும்பவில்லை. பை கீழே கிடந்தது. தண்டவாளத்துக்கு நடுவில், எண்ணெய்க் கை இரண்டையும் தொங்கவிட்டபடி, ரயில் வளைவில் மறையும்வரைக்கும் நின்றார். நான் கை காட்டினேன். ரியூப் கட்டினது தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.