கருப்பட்டிக்கு வந்த கடிதம்

போன வாரம் சுகந்திக்கு ஒரு கடிதம் வந்தது. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து! இன்ஸ்டாகிராமில் அவர் போட்ட விளம்பரத்துக்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும், தவறினால் லைசென்ஸ் ரத்தாகலாம்.

சுகந்தி தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் கருப்பட்டி விற்கிறார். கடை கிடையாது. வீட்டு முன்னறையில் பேக்கிங், போனில் ஆர்டர், கூரியரில் டெலிவரி. கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்களையும் காலேஜில் படிக்க வைப்பது அந்த இன்ஸ்டாகிராம் பக்கம்தான்.

என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். கடிதத்தோடு நேரே தூத்துக்குடிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு... அந்த விளம்பரத்துக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததே அடியேன்தான்.

நடந்தது இதுதான். வாடிக்கையாளர் யாராவது இரண்டு வார்த்தை பேசினால் விற்பனை ஏறும் என்று யாரோ சொல்ல, சுகந்தி தன் சபையைச் சேர்ந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் முன்னால் போனை நீட்டியிருக்கிறார். 'கருப்பட்டி நல்லா இருக்கு' என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாசரேத்துக்காரரை நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எப்படிப் பேசுவார்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து சாட்சி சொல்வார்களே, அப்படித்தான்! வியாதியில் தொடங்கி, கண்ணீர் வழியாகப் போய், சுகத்தில் முடிப்பார். சுகம் கிடைக்கவில்லை என்று யாராவது எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறார்களா?

வாத்தியார் சாரும் அப்படியே சொன்னார். பத்து வருடச் சர்க்கரை நோய், தினமும் கருப்பட்டிக் காபி, இப்போது நார்மல். குரல் தழுதழுத்தது. பொய் சொல்கிற மனிதர் இல்லை. தினமும் போடுகிற மாத்திரையும் காலை நடையும் பேச்சு வேகத்தில் விட்டுப்போயின, அவ்வளவுதான். நானாவது சும்மா இருந்தேனா? 'சர்க்கரை நோயா? ஒரு டம்ளர் கருப்பட்டிக் காபி போதும்!' என்று மேலே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் சுகந்தியை அழைத்துப் போனேன். சொன்னது சார்தானே, நான் இல்லையே என்றார் சுகந்தி. வியாபாரப் பக்கத்தில் ஏற்றிய நிமிடமே அது உங்கள் பேச்சு என்றார் வக்கீல். தின்கிற பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. யார் வாயால் சொன்னாலும் கூடாது. வாசகம் எழுதியவரையும் கேட்பார்கள் என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் தந்த யோசனை எளிமையானது. வீடியோவை எடுத்துவிடுங்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று பதில் எழுதுவோம். வெளியே மூச்சு விடாதீர்கள். எனக்கு அது அமிர்தமாக இருந்தது.

படியிறங்கும்போது சுகந்தியின் போன் அடித்தது. திருச்செந்தூரை அடுத்த கடலோர ஊரான ஆலந்தலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர். ஆர்டரைக் குறித்துக்கொள்ள வசதியாக ஸ்பீக்கரில் போட்டார்.

"யக்கா, இன்னும் ரெண்டு கிலோ அனுப்புங்க. எங்க வீட்ல அவிய சுகர் மாத்திரய நிறுத்தி மூணு வாரமாச்சு. இப்ப மூணு வேளையும் கருப்பட்டிக் காப்பிதான்."

அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்! சுகந்தியின் முகம் வெளுத்துவிட்டது. விலாசத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நேராகத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

ஆலந்தலையில் அந்தப் பெண்ணின் கணவர் வீட்டு வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். காலில் துணிக்கட்டு. கயிறு உரசிய புண், மூன்று வாரமாக ஆறவில்லையாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சுகந்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மனிதர் சிரித்தார்.

"ஒரு வாத்தியாரு பொய்யா சொல்லுவாவ?"

சுகந்தி ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். போனை என் கையில் கொடுத்தார்.

"வீடியோ எடுங்க அண்ணாச்சி."

வக்கீல் சொன்னதை அவர் காதில் முணுமுணுத்தேன். அவர் கேமராவைத்தான் பார்த்தார்.

"எனக்கும் சுகர் உண்டு. ஆறு வருசமா மாத்திர போடுதேன். நான் விக்கிற கருப்பட்டிய நானே தொடமாட்டேன். கருப்பட்டி சுகரக் குணமாக்காது. அந்த வீடியோவப் போட்டது என் தப்பு. மாத்திரய நிறுத்தினவங்க இன்னைக்கே டாக்டர்ட்ட போங்க."

எத்தனையோ முறை அந்தக் கடலைப் பார்த்து வாய் பிளந்து நின்றிருக்கிறேன். அன்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்ணைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். தான் விற்கிற பொருளைத் தானே தொடமாட்டேன் என்று எந்த வியாபாரியாவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? தப்பை மறைக்க அவருக்கு வக்கீலே வழி சொல்லிக் கொடுத்திருந்தாரே!

அந்த மனிதர் மாத்திரை அட்டையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் சட்டையை எடுத்து வரச் சொன்னார். ஆட்டோ பிடித்துத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். புண் நல்ல வேளையாக எலும்புவரை போகவில்லை என்றார் டாக்டர். அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் சுகந்தி பழைய வீடியோவை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினார். லைசென்ஸ் என்ன ஆகும் என்று கேட்டேன். "போனா போவுது அண்ணாச்சி, இவிய காலு போயிருந்தா?" என்றார்.

மறுநாள் காலை வக்கீல் போனில் வெடித்தார். இது முழு வாக்குமூலம், இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படிப் பதில் எழுதுவது, யாரைக் கேட்டு ஏற்றினீர்கள்... நான் எல்லாவற்றுக்கும் 'ம்' போட்டேன். திட்டி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த மொத வீடியோவப் பாத்துட்டு நானும் சுகர் மாத்திரய நிறுத்தியிருந்தேன். இப்பத்தான் மறுபடி எடுத்துப் போட்டேன்."

அந்தச் சட்டத்தை வக்கீலுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்!