பிறந்த வீட்டுக் கோடி

காரைக்காலில் யார் பிறந்தாலும் யார் செத்தாலும் சண்முகசுந்தரத்தின் பேனா வழியாகப் போனால்தான் அது செல்லும். பழைய ஆட்கள் இன்னமும் மேரி என்று சொல்கிற நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவு மேசையில், பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்திலிருந்தே அவர் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பென்ஷனுக்கு நகல் வேண்டும் என்று வருகிறவர்கள் அவரைப் பார்க்காமல் போக முடியாது. தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிடித்துவிடுவார். இன்னார் இன்னாருக்குப் பிறந்தவர், இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டவர் என்ற விஷயத்தில் அவரை ஏமாற்ற ஊரில் ஆள் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் மருமகன் யார் என்பதைப் பற்றி ஊருக்கு ஏழு வருஷம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகள், பங்கஜவல்லி. நல்ல கறுப்பு. கெட்டிக்காரி, பெரிய கண், வாய் கொள்ளாத சிரிப்பு, எல்லாம் இருந்தது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணையும் சிரிப்பையுமா பார்க்கிறார்கள்? திருநள்ளாறு, மாயவரம், நாகப்பட்டினம் என்று ஆறு கூட்டம் வந்தது. ஆறு கூட்டமும் கேசரியையும் பஜ்ஜியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. கடைசியாக வந்த மாப்பிள்ளை அடுப்புக்கரிக்கு அண்ணன். அவன் தரகரிடம், பிறக்கிற பிள்ளைகளை நினைத்தால் கொஞ்சம் சிவப்பான பெண்ணாக இருந்தால் தேவலை என்றானாம். அவன் வீட்டில் கண்ணாடி இல்லை போலிருக்கிறது.

அன்றைக்கே பங்கஜவல்லி, இனிமேல் யார் முன்னாலும் தட்டு ஏந்த மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புதுச்சேரியில் நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். அமெரிக்காவில் நர்ஸ் பஞ்சம் என்று பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டு, எழுபத்து மூன்றாம் வருஷம் விமானம் ஏறிவிட்டாள். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊர். அந்தப் பெயர் கடைசிவரை சண்முகசுந்தரத்தின் வாயில் நுழையவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வால்டர் என்று பெயர், பஸ் டிப்போவில் மெக்கானிக், கறுப்பர், கல்யாணம் முடித்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தாள். ‘இங்கே எங்களைப் பார்ப்பவர்கள் நல்ல பொருத்தம் என்கிறார்கள். நம்மூரில் யாரும் என்னை எதற்கும் பொருத்தம் என்று சொன்னதில்லை அப்பா.’

கடிதத்தோடு வந்திருந்த கல்யாணப் படத்தைப் பார்த்த அவர் மனைவி சௌந்தரவல்லி, “பல்லு வரிசையா அழகாத்தாங்க இருக்கு” என்றாள். சண்முகசுந்தரம் அதை வாங்கி இரும்புப் பெட்டியில் நிலப் பத்திரங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

இத்தனைக்கும் தலத்தெருவில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வெள்ளைக்கார மருமகள் இருந்தாள். அந்த வீட்டுப் பையன் பிரான்சிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவள். வந்த அன்று தெருவே திரண்டது. சாதி கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை. அவள் படம் பெரிதாகி அவர்கள் கூடத்தில் ஏறியது. சண்முகசுந்தரமும் போய்ச் சர்பத் குடித்துவிட்டுத்தான் வந்தார். வால்டர் மட்டும் வெள்ளையாக இருந்திருந்தால் அந்தப் படமும் கூடத்துக்கு வந்திருக்கும். அது அவருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? தெரு கேட்டபோது, மாப்பிள்ளை டாக்டர், ஆந்திராக்காரர், விஜயவாடாப் பக்கம் என்றார். கேட்டவர்கள் திருப்தியாகப் போனார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மூன்று வயதானபோது, மூன்று பேருமாக வருகிறோம் என்று பங்கஜவல்லி எழுதினாள். வால்டர் நம் சாப்பாட்டைக் கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தாள். சண்முகசுந்தரம் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, நீயும் குழந்தையும் வாருங்கள், அவர் இப்போது வேண்டாம், என் தம்பி மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது முடியட்டும் என்று பதில் போட்டார். மூன்று பேரையும் கூப்பிட முடிகிறபோது சொல்லுங்கள், வருகிறோம் என்று ஒரே வரியில் மறு கடிதம் வந்தது. அதில் கோபம்கூட இல்லை.

தம்பி மகள் கல்யாணம் முடிந்தது. அடுத்த வருஷம் கூப்பிடலாம் என்று நினைத்தார். அதற்கடுத்த வருஷமும் நினைத்தார். நினைக்காமல் இருந்தார் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் தந்தி வந்தது. வால்டர் இறந்துவிட்டார், போலீஸ் சுட்டது, கடிதம் பின்னால் வருகிறது. அவ்வளவுதான்.

கடிதம் வருவதற்குள் சௌந்தரவல்லி பாதியாகிவிட்டாள். வந்த கடிதத்தில் நடந்தது எழுதியிருந்தது. வேலை முடிந்து வந்த வால்டர் தன் வீட்டு வாசலிலேயே காருக்குள் சாவியை வைத்துக் கதவை மூடிவிட்டார். கம்பி ஒன்றை வளைத்துக் கண்ணாடி இடுக்கில் விட்டுத் திறந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்த போலீஸ்காரன் கார் திருடன் என்று நினைத்தான். கையைத் தூக்கச் சொன்னான். தூக்கினார். கையில் கம்பி இருந்தது. குழந்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. போலீஸ்காரனுக்குப் பயமாக இருந்ததாம், அதனால் அவன் மேல் கேஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கடிதத்தோடு இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றும் இருந்தது. சண்முகசுந்தரம் அதைத் தொழில்காரனாக ஒருமுறை படித்தார். பெயர், வயது, தகப்பன் பெயர், தாய் பெயர், எல்லாம் சரியாக இருந்தது. இனம் என்று ஒரு கட்டம் போட்டு அதில் கறுப்பர் என்று தட்டச்சு செய்திருந்தார்கள். ஆறு கூட்டத்துக்கும் அவருடைய மகளிடம் தெரிந்தது அந்த ஒரு கட்டம்தானே. அவர் மட்டும் என்ன, மருமகனிடம் வேறு எதைப் பார்த்தார்? சான்றிதழைக் கண்ணாடி மேசை மேல் குப்புற வைத்தார்.

மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. கலெக்டருக்கு எழுதியிருக்கிறார், பிரெஞ்சு தூதரகத்துக்கு எழுதியிருக்கிறார், எழுதி வாங்கியும் தந்திருக்கிறார். அன்று வெள்ளைத்தாளை எடுத்து அனுப்புநர் என்று எழுதித் தன் பெயர், முகவரி எழுதினார். பெறுநர் என்று எழுதினார். அதற்குக் கீழே எழுத அவருக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. தெருவில் யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், செத்தது விஜயவாடா டாக்டர் அல்லவா? டாக்டரை எதற்குப் போலீஸ் சுடும்? லீவு கேட்கக் காரணம் சொல்ல முடியாமல் தீட்டோடு ஆபீசுக்குப் போய், ஊரார் வீட்டுச் சாவுகளை வரிசையாகப் பதிந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அவருக்குக் கோடி ஞாபகம் வந்தது. புருஷன் செத்த பெண்ணுக்குப் பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை போக வேண்டும். அண்ணன் தம்பியோ அப்பனோ கொண்டுபோய்ப் போட வேண்டும். எப்பேர்ப்பட்ட பகையாக இருந்தாலும் அந்தச் சேலை மட்டும் நிற்காது. இது அவருக்குத் தெரிந்த காரியம். இதையாவது குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று ஓர் ஆவேசமே வந்துவிட்டது. தெரிந்த கடையை விட்டுவிட்டு, முகம் தெரியாத கடையில் நல்ல நூல் சேலையாக, வெள்ளையில் ஒன்று எடுத்தார். சௌந்தரவல்லி அதில் மஞ்சளைத் தொட்டு வைத்துக்கொடுத்தாள்.

தபாலாபீசில் பார்சல் வாங்குகிற காதர் பாட்சா அவருக்குப் பழக்கம். விமானத்தில் போனாலும் மூன்று வாரம் ஆகும் என்றார். பதினாறாம் நாள் அதற்கு முன்பே வந்துவிடும். பரவாயில்லை என்றார் சண்முகசுந்தரம். வெளிநாட்டுப் பார்சலுக்கு ஒரு பச்சைச் சீட்டு ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பது சேலை என்று எழுதினார். எதற்காகப் போகிறது என்ற இடத்தில் பேனா நின்றது. காதர் பாட்சா எட்டிப் பார்த்தார்.

“பரிசுன்னு போடுங்கண்ணே. வேற என்ன போட முடியும்?”

பரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து அனுப்பியாகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னபோது, பல வருஷத்துக்குப் பிறகு தான் ஒரு தகப்பனாக நடந்துகொண்டதாகக்கூட அவருக்குத் தோன்றியது. இனி அவர்களை இங்கேயே வந்துவிடச் சொல்லலாம், குழந்தையை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றெல்லாம் பேசினார். யார் என்ன சொன்னாலும் சரி, தெருவில் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். சௌந்தரவல்லி அதையெல்லாம் நம்பித் தலையை ஆட்டினாள்.

தை பிறந்த பிறகு பங்கஜவல்லியின் கடிதம் வந்தது. அவர் வாசலில் நின்றபடியே பிரித்தார்.

‘சேலை வந்தது அப்பா. வால்டரின் அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள். அவர்கள்தான் பார்சலைப் பிரித்தார்கள். துணியைத் தடவிப் பார்த்து, ரொம்ப நன்றாக இருக்கிறது, இது எதற்கு என்று கேட்டார்கள். புருஷன் செத்தால் பெண்ணுக்கு அவள் அப்பா வீட்டிலிருந்து வருவது என்று சொன்னேன். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, என் பிள்ளை உயிரோடு இருந்தபோது உன் அப்பா வீட்டிலிருந்து என்ன வந்தது என்று கேட்டார்கள். குத்திக் கேட்கவில்லை அப்பா, தெரியாமல்தான் கேட்டார்கள். நீங்கள் பதில் எழுதினால் அவர்களுக்குப் படித்துச் சொல்கிறேன்.’

அடுப்படியிலிருந்து சௌந்தரவல்லி குரல் கொடுத்தாள். “ஏங்க, என்ன எழுதியிருக்கா?”

சண்முகசுந்தரம் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

“சேலை வந்து சேந்துடுச்சாம்” என்றார்.