நெய்ப் பொங்கலும் என் இரத்தமும்

எங்கள் வாவியைக் கடக்க இந்த இடத்தில் பாலம் இல்லை. பாதைதான். பெரிய இரும்பு மிதவை, மேலே பலகை, பின்னால் எஞ்சின். அதைத்தான் நாங்கள் பாதை என்போம். ஆள் ஏறும், மோட்டார் சைக்கிள் ஏறும், சில நாள் மாடும் ஏறும். சூரியன் எழும்புகிற எழுவான்கரையில் இருந்து அது படுகிற படுவான்கரைக்கு இருபது நிமிடம். இருபது வருடத்துக்கு மேலாக நான்தான் சுக்கான்.

எனக்கு முன் அண்ணன் பிடித்தார். ஒரு நாள் சுக்கானில் நின்றபடி நெஞ்சைப் பொத்தினார். பாதை கரைக்கு வந்தது. அவர் வரவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு இப்போது ஐம்பத்தொன்று. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

இந்த வருடம் பிரதேச சபையில் புதுச் சட்டம் போட்டார்கள். சுக்கான் பிடிக்கிறவன் இரத்தம் சோதித்து டாக்டரின் கடிதம் கொண்டுவர வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் சுக்கான் இல்லை. டிக்கெட் கிழிக்கலாம், கயிறு எறியலாம். எனக்கு வேறு வேலை தெரியாது. பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு சரி.

ஆஸ்பத்திரி படுவான்கரையில். இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார்கள். சொன்னபடி கேட்டேன். என் மனைவி சட்டிகளை எல்லாம் மூடி வைத்து எனக்குக் காவல் இருந்தாள். காலையில் தேநீர்கூடத் தரவில்லை.

அப்போது அக்கரைக் கோயிலில் திருவிழா. இருபத்தொரு நாள். இரவுப் பூசை பார்த்த சனம் விடியக் கிளம்பித் துறைக்கு வரும். முதல் பாதையில் நான் போய்ச் சேர்ந்ததும் விபூதி தருவார்கள், பிரசாதம் கையில் வைப்பார்கள். பாதைக்காரனுக்குக் கொடுத்த பிறகுதான் பிரசாதப் பானை பாதையில் ஏறும். அது அண்ணன் காலத்துக்கும் முந்தின வழக்கம். அன்றும் தந்தார்கள். கண்ணில் ஒற்றி வாயில் போட்டேன். இரண்டு நடை ஓட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசை நீளம். ஊசி குத்தப் பத்து மணி ஆகிவிட்டது.

இரத்தம் எடுக்கிற பிள்ளை காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. தினமும் என் பாதையில்தான் வேலைக்குப் போவாள். கையில் ஒரு மூடி போட்ட கோப்பையில் தேத்தண்ணி. துறையில் பாதை கொஞ்சம் இடித்தாலும் "மாமா, என்ட தேத்தண்ணி போச்சி" என்று சத்தம் போடுகிறவள். அன்று ஒரு மணி நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டாள். சின்னக் குழாயைக் காட்டினாள். அடியில் சிவப்பு. மேலே மஞ்சள் தண்ணீர் மாதிரி நிற்க வேண்டுமாம். நின்றது தேங்காய்ப்பால். அதுவும் முதல் பால்.

"மாமா, காலமை என்ன திண்டீங்க?"

"ஒண்டும் தின்னல்ல."

"பொய் சொல்லப்படாது."

"பொய் சொல்லி எனக்கென்ன கிடைக்கும் புள்ள?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் தின்னாதவன் இரத்தம் இப்படி இருந்தால் அது பெரிய நோய். அதனால்தான் அவள் முகம் மாறியது.

டாக்டர் தாளைப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது நெஞ்சு வருத்தம், மாரடைப்பு இருந்ததா என்று கேட்டார். அண்ணனைச் சொன்னேன். எத்தனை வயதில் என்று கேட்டார். சொன்னேன். பேனையைக் கீழே வைத்தார். இரண்டு கிழமையில் திரும்பச் சோதிப்போம், அதுவரைக்கும் சுக்கான் வேண்டாம் என்றார்.

சரி என்று வந்துவிட்டேன்.

தற்காலிக ஆளுக்கு இந்த வருடம் கடிதம் கேட்கவில்லை. சுக்கான் என் மைத்துனன் கைக்குப் போனது. மனைவியின் தம்பி. டிக்கெட் புத்தகத்தை என்னிடம் தந்தான்.

"அத்தான், நீங்க டிக்கெட்டக் கிழிங்க. நான் ஆத்தக் கிழிக்கிறன்."

கிழித்தான். முதல் நாளே துறையில் நாலு தரம் இடித்தான். ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்தது. ஒரு கிழவர் தயிர்ச் சட்டியைக் கட்டிப் பிடித்தபடி, "மனே, துறையக் கொஞ்சம் மிச்சம் வையடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் துறை கிட்ட வரும்போது, சுக்கானைத் திருப்புகிற மாதிரி என் கை தானாகக் கிறுகும். கையில் இருப்பது டிக்கெட் புத்தகம். அது கசங்கியதுதான் மிச்சம்.

வீட்டில் தேங்காய்ப்பால் நின்றது. பொரியல் நின்றது. மீனைத் தண்ணீரில் அவித்து வைத்தாள். மீனும் என்னைப் போல ஒன்றும் பேசாமல் கிடந்தது.

ஐந்தாம் நாள் காலை. முதல் பாதை படுவான்கரைத் துறையில் இடித்து நின்றது. அந்தப் பிள்ளை தேத்தண்ணி சிந்திய கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். நான் அவளுக்குப் பின்னால் இறங்கினேன். துறையில் கோயில் சனம் நின்றது. சுக்கான் யார் கையில் இருந்தால் என்ன, அவர்களுக்குப் பாதைக்காரன் நான்தான். ஒரு அம்மா இலையோடு சர்க்கரைப் பொங்கல் தந்தார். நெய் வழிந்தது. கண்ணில் ஒற்றினேன். வாயில் போட்டேன்.

"மாமா."

திரும்பினேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இது என்ன?"

"பிரசாதம்."

"அண்டைக்குச் சோதனைக்கு வரக்குள்ளயும் இது திண்டீங்களா?"

"ஓம். மூண்டு பேர் தந்தாங்க."

"மூண்டு கை நெய். மறுகா வந்து என்னட்ட ஒண்டும் தின்னல்ல எண்டு சொன்னீங்க."

"சாமி தாறது சாப்பாட்டில சேராது புள்ள."

அவள் கோப்பையைப் பலகையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். நிறுத்த ஏலாமல் சிரித்தாள். "நாங்க நோம்பு பிடிச்சா எச்சில் முழுங்கவும் யோசிப்பம். இவர் மூண்டு கை நெய்ய முழுங்கிட்டுப் பட்டினி எண்டாரு. சாமிக்குத் தெரியும் மாமா. உங்கட இரத்தத்துக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப எனக்கு வருத்தம் இல்லையா?" என்று கேட்டேன்.

அவளும் சிரிப்பை நிறுத்தினாள். பாதை எழுவான்கரைக்குத் திரும்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. துறைப் பலகையில் இருந்தோம். என் கையில் இருந்த இலையை வாங்கித் தண்ணீருக்கு மேல் சரித்தாள். நெய்ச் சொட்டு வட்டமாக மிதந்தது.

"கரையுதா?"

"கரையாது."

"உங்கட இரத்தமும் தண்ணிதான். கொழுப்பு அதில தனிய நீந்திப் போக ஏலாது. ஏத்திப் போகப் பாதை வேணும்."

அந்தப் பாதையைப் புரதத்தால் உடம்பே கட்டுகிறதாம். புரதம் என்றால் மீனிலும் பருப்பிலும் இருக்கிற சாமான் என்றுதான் எனக்குத் தெரியும். அது கொழுப்பைச் சுற்றிப் பிடித்து, நனையாமல் ஏற்றிக்கொண்டு போகிறதாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் பெரிய பாதைகள் ஒரே அடியாக இரத்தத்தில் இறங்கும். அந்த நேரத்தில் இரத்தம் எடுத்தால் பால்தான். பன்னிரண்டு மணி நேரம் பொறுத்தால் அவை சாமான் இறக்கிப் போய்விடும்.

இது எனக்கு விளங்கியது. திருவிழாக் கூட்டத்தை எண்ணிவிட்டு, வருடம் முழுக்க இவ்வளவு சனம் போகிறது என்று சொன்ன மாதிரி.

"இறங்குற துறை எங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "எப்பவும் ஓடுற சின்னப் பாதைகளும் இரிக்கி, அதுகளுக்குத் துறை ஈரல். அங்க, பாதையக் கயித்தால கட்டுற துறைக் கட்டை மாதிரி ஒரு சாமான் இரிக்கி. பாதை கிட்ட வந்தா அது பிடிச்சிக் கட்டும்."

"கட்டை இல்லாட்டி?"

"பாதை இறங்க இடமில்லாமச் சுத்தும். கரையில உரசும். சாமான் கரையிலயே ஒட்டும். நெஞ்சுக்கு இரத்தம் போற வாய்க்கால் ஒடுங்கும்."

"அண்ணனுக்கு அதுவா?"

"தெரியாது மாமா. சில குடும்பத்தில கட்டை பிழையாவே பிறக்கும். அதுவா இரிக்கலாம், வேறயாவும் இரிக்கலாம். உங்களுக்கு என்னெண்டு உங்கட இரத்தம்தான் சொல்லணும். நெய் திண்ட இரத்தம் சரியாச் சொல்லாது."

கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். நெய்ச் சொட்டு துறைக் கட்டையில் போய் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

டாக்டரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அடுத்த செவ்வாய் வரச் சொன்னார். இந்த முறை மனைவியும் வந்தாள். காவலுக்கு. துறையில் கோயில் சனம் வழக்கம்போலக் கை நீட்டியது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. சாப்பிடவும் முடியாது. இலையோடு வாங்கி மடியில் வைத்தேன். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அதோடேயே இருந்தேன். எறும்பு வந்தது. மனைவி ஊதிக்கொண்டு இருந்தாள்.

"சாமி நெய்யக் கொஞ்சம் குறைச்சா என்ன கா?" என்றாள்.

"நீயே கேள்."

குழாயை அந்தப் பிள்ளை வாசலுக்கே கொண்டுவந்து காட்டினாள். மேலே தெளிந்த மஞ்சள். இளநீரில் ஒரு சொட்டு மஞ்சள் விட்ட மாதிரி. மனைவி அதைப் பார்த்துவிட்டு என் தோளில் ஒரு குத்து விட்டாள். இத்தனை நாளும் அவித்த மீன் அவளும்தான் சாப்பிட்டாள்.

டாக்டர் தாளை மெதுவாகப் பார்த்தார். அவர் வாய் திறக்கும்வரை நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

"உங்கட அண்ணனுக்கு என்னெண்டு இப்ப சொல்ல ஏலாது. உங்களுக்கு அந்தப் பரம்பரை வருத்தம் மாதிரித் தெரியல்ல. கெட்ட கொழுப்புக் கொஞ்சம் கூடுதல். குளிசை ஒண்டு தாறன், இரவில போடுங்க. போட்டா இரத்தத்தில சுத்துறத ஈரல் கூடுதலாப் பிடிச்சி இறக்கும்."

"புதுக் கட்டை நடுமா?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற பிள்ளைக்கு விளங்கியது. "ஓம் மாமா, நடும்" என்றாள்.

"எவ்வளவு நாளைக்குப் போடணும்?"

"நீங்க சுக்கான் பிடிக்கிற காலம் மட்டும்" என்றார் டாக்டர். பிறகு கடிதம் எழுதினார்.

வெளியே வந்து இலையை விரித்தேன். மனைவி பெரிய பங்கை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு வாய். எறும்பு எத்தனை போனதோ தெரியாது.

மறுநாள் மைத்துனன் டிக்கெட் புத்தகத்தைத் திருப்பி வாங்கினான். அதன் கசங்கலைப் பார்த்து, "அத்தான், இதையும் அவிச்சீங்களா?" என்றான். திருவிழா முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. தந்த பிரசாதத்தில் ஒரு கிள்ளு எனக்கு. மிச்சம் எல்லாம் அவனுக்குப் போட்டேன். அடுத்த வருடம் சோதனை அவனுக்கும் உண்டு. நான் இன்னும் சொல்லவில்லை.

அன்று காற்றுக் கொஞ்சம் பலம். படுவான்கரைத் துறை கிட்ட வந்ததும் எஞ்சினைக் குறைத்தேன். சுக்கானைக் கொஞ்சம் கிறுக்கினேன். பாதை போய்க் கட்டையைத் தொட்டது. சத்தம் இல்லை. கயிறு விழுந்தது.

அந்தப் பிள்ளை மூடியைத் திறந்து பார்த்தாள். தேத்தண்ணி விளிம்பு வரைக்கும் அப்படியே நின்றது. அங்கேயே நின்று முழுவதையும் குடித்துவிட்டு இறங்கினாள்.